எண்பது மில்லிமீட்டருக்குள் நுழையும் எஃகு: ட்ராலி ஜாக்கியின் வடிவமைப்பும் பட்டறைத் தொழிலாளரும்

நான்கு சக்கரங்களின்மீது தரையோடு தரையாக உருண்டு சென்று, வண்டியின் அடிச்சட்டத்தை எண்ணெய் அழுத்தத்தால் மேலே தூக்கும் கருவியே ட்ராலி ஜாக்கி எனப்படுகிறது. செங்குத்தாக நிற்கும் பாட்டில் ஜாக்கியைப் போலன்றி, இதில் சிலிண்டர் படுக்கைவாக்கில் அமைந்திருப்பதாலும், தூக்கும் விசை ஒரு நீண்ட கையின் வழியே வண்டிக்குச் சென்று சேர்வதாலும், குறைந்த இடைவெளிக்குள் நுழையும் தகுதி இதற்கு இயல்பிலேயே அமைந்துள்ளது. எனினும், தரை இடைவெளி மிகக் குறைந்த வண்டிகளுக்கென இதை வடிவமைக்கும்போது, முன்புறத்தில் குறைக்கப்படும் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் ஈடாக வேறோரிடத்தில் எண்ணெயின் அழுத்தமோ எஃகின் தடிமனோ தொழிலாளியின் கை நுட்பமோ கூடியே தீர வேண்டும் என்பது, கோயம்புத்தூரில் ஹைட்ராலிக் சிலிண்டர் செய்தும் ஜாக்கிகளைப் பழுதுபார்த்தும் வரும் சிறு பட்டறைகளில் மேற்கொண்ட கள ஆய்வில் தெளிவாகத் தெரியவந்த உண்மையாகும்.

இத்தகைய ஆய்வுக்குக் கோயம்புத்தூர் பொருத்தமான களமாகும். பம்பு, மோட்டார், வார்ப்பு, லேத் வேலை ஆகியவற்றில் பல தலைமுறைப் பயிற்சி பெற்ற இந்நகரம், மோட்டார் பந்தயத்திலும் தனியிடம் பெற்றுள்ளது. பந்தய வண்டிகளை வடிவமைப்பதில் முன்னோடியாக விளங்கிய எஸ். கரிவரதன் 1995இல் விமான விபத்தில் மறைந்த பின்னர், அவர் பெயரைத் தாங்கிய கரி மோட்டார் ஸ்பீட்வே, நகரை அடுத்த செட்டிபாளையத்தில் 2003இல் தொடங்கப்பட்டது. அங்கு ஓடும் ஃபார்முலா வகை வண்டிகளின் அடிப்பகுதி தரையிலிருந்து சில சென்டிமீட்டர் உயரத்திலேயே இருக்கும். பந்தயத்தின் நடுவே சக்கரம் மாற்றுவதற்கு, ஒரே அழுத்தில் வண்டியைத் தூக்கும் நெம்புகோல் வகை ஜாக்கியே ஏற்றதாகும். நொடிகளை எண்ணும் அவ்வேளையில் எண்ணெயை அடித்தடித்து ஏற்ற நேரமிராது. கொட்டகைக்குள் நிதானமாகச் செய்யும் பழுதுநீக்கலிலும், சாலையில் ஓடும் தாழ்வான ஸ்போர்ட்ஸ் கார்களின் பராமரிப்பிலும்தான் தாழ்வகை ட்ராலி ஜாக்கி இன்றியமையாததாகிறது.

தாழ்வு கேட்கும் விலை

சாதாரண ட்ராலி ஜாக்கியில், வண்டியைத் தாங்கும் வட்டத் தட்டு, அதாவது பட்டறை வழக்கில் சேடில் எனப்படும் உறுப்பு, முற்றிலும் இறங்கிய நிலையில் தரையிலிருந்து ஏறக்குறைய 130 முதல் 140 மி.மீ. உயரத்தில் நிற்கும். தாழ்வகை ஜாக்கியில் இது 75 முதல் 85 மி.மீ. வரை குறைக்கப்படுகிறது. தாழ்வான காரின் முன்பம்பரின் அடிவிளிம்பு 100 மி.மீ. அளவிலேயே இருக்கக்கூடும் என்பதாலும், டயரில் காற்று இறங்கிவிட்டால் அந்த இடைவெளி மேலும் சுருங்கும் என்பதாலும் இக்குறைப்பு தேவையாகிறது. மேலும், தூக்க வேண்டிய இடம் பம்பருக்கு அடியில் இராமல் பெரும்பாலும் முன்சக்கரங்களுக்கு நடுவிலுள்ள குறுக்குச் சட்டத்தில் இருப்பதால், ஜாக்கி தாழ்வாக இருந்தால் மட்டும் போதாது. அதன் கை நீண்டதாகவும் இருக்க வேண்டும்.

தாழ்வும் நீளமும் ஒன்றுக்கொன்று பகையான தேவைகள். பரவலாக வழங்கும் அமைப்பில், தூக்கும் கையின் பின்முனை ஒரு தடித்த ஆதாரத் தண்டில் சுழல்கிறது. அத்தண்டுக்குக் கீழே இறங்கும் குட்டையான கொம்பைச் சிலிண்டரிலிருந்து வெளிவரும் பிஸ்டன் தண்டு முன்னோக்கித் தள்ளும்போது, கையின் முன்முனை மேலே எழுகிறது. கையின் நீளம் 450 மி.மீ., கொம்பின் நீளம் 90 மி.மீ. எனக் கொண்டால், சுமையைப் போல் ஐந்து மடங்கு விசையைப் பிஸ்டன் தர வேண்டும். உடலைத் தாழ்த்துவதற்காகக் கொம்பை 60 மி.மீ. அளவுக்குக் குறைத்தால், அவ்விசை ஏழரை மடங்காகிவிடுகிறது. வண்டியின் அடியில் இன்னும் உள்ளே செல்வதற்காகக் கையை நீட்டினாலும் இதே விளைவுதான். ஆகவே, திறமையான வடிவமைப்பில் முழு உடலும் தாழ்த்தப்படுவதில்லை. வண்டிக்கு அடியில் செல்லும் முன்பகுதியைத் தாழ்த்தி, வெளியே நிற்கும் பின்பகுதியில் சிலிண்டருக்கும் கொம்புக்கும் வேண்டிய உயரத்தை விட்டுவைப்பதே முறையாகும்.

கையின் உருவமும் இதே நியாயத்தின்படி அமைகிறது. சுமையால் கையை வளைக்க முயலும் திருப்புத்திறன், சேடிலுக்கு அருகில் மிகக் குறைவாகவும் ஆதாரத் தண்டுக்கு அருகில் உச்சமாகவும் இருக்கும். இரண்டு டன் சுமையை, அதாவது ஏறக்குறைய 20,000 நியூட்டன் விசையை, 450 மி.மீ. நீளக் கையின் முனையில் ஏற்றி, ஆதாரத்தின் அருகே 120 மி.மீ. உயரமும் 10 மி.மீ. தடிமனும் உடைய இரு தகடுகளால் அதைத் தாங்கினால், எஃகில் தோன்றும் தகைவு ஏறக்குறைய 190 மெகாபாஸ்கல் ஆகும். சாதாரண மைல்டு ஸ்டீல் 250 மெகாபாஸ்கல் அளவில் நிரந்தரமாக வளையத் தொடங்கும் என்பதால், இதில் கிடைக்கும் பாதுகாப்பு எல்லை குறுகியதே. வலிமை கூடிய எஃகோ கூடுதல் தடிமனோ இங்கே வேண்டப்படுகிறது. தகட்டின் உயரத்தைப் பாதியாக்கினால் வளைவைத் தாங்கும் வலிமை கால்பங்காகக் குறையும் என்பதால், ஆதாரத்தின் அருகே ஒருபோதும் உயரத்தைக் குறைக்கலாகாது. முன்முனையை நோக்கிப் படிப்படியாகச் சரித்து ஒடுக்குவதே ஏற்கத்தக்கது. எடையைக் குறைப்பதற்காக அலுமினியத்தை நாடுவோர், அதன் விறைப்பு எஃகின் விறைப்பில் மூன்றில் ஒரு பங்கே என்பதைக் கருதி, பகுதிகளைப் பருமனாக்க வேண்டியுள்ளது.

சக்கரங்கள் எதற்காக?

ஜாக்கியைத் தள்ளிச் செல்வதற்காகவே சக்கரங்கள் பொருத்தப்பட்டுள்ளன என்று பலரும் கருதுவதுண்டு. ஆனால் தூக்கும் செயலிலேயே அவற்றுக்குப் பங்கு இருக்கிறது. கை ஓர் ஆதாரத்தைச் சுற்றிச் சுழல்வதால், சேடில் நேர்க்கோட்டில் எழாமல் வில் வடிவப் பாதையில் எழுகிறது. மேற்கூறிய 450 மி.மீ. கை, 130 மி.மீ. உயரத்திலுள்ள ஆதாரத்தைச் சுற்றி 430 மி.மீ. உயரம் வரை எழும்போது, சேடில் ஏறக்குறைய 11 செ.மீ. பின்னோக்கி வந்துவிடும். வண்டி நகராமல் நிற்க வேண்டுமானால், ஜாக்கி அந்த அளவுக்கு முன்னோக்கி உருண்டு செல்ல வேண்டும். சக்கரங்களுக்கு இடையில் கல் சிக்கினாலோ, தரை குழியாக இருந்தாலோ, ஜாக்கி உருள முடியாமல் சேடில் அடிச்சட்டத்திலிருந்து வழுக்கிவிடும். தாழ்வகை ஜாக்கியின் முன்சக்கரங்கள் சேடிலின் உயரத்துக்கும் குறைவான விட்டம் உடையவையாக இருந்தாக வேண்டும் என்பதால், சிறு தடையையும் அவற்றால் தாண்ட இயலாது. வெயிலில் இளகிய தார்த் தரையில் அவை புதைந்துவிடுவதும் உண்டு. எனவே கெட்டியான, சமமான சிமெண்டுத் தரை என்பது இக்கருவிக்கு வசதி மட்டுமன்று, நிபந்தனையுமாகும்.

கை சாயும்போது சேடிலும் சேர்ந்து சாயாமலிருப்பதற்காக, தூக்கும் கைக்கு இணையாக ஒரு மெல்லிய தண்டு அமைக்கப்பட்டு, இரண்டும் சேர்ந்து ஓர் இணைகரமாக இயங்குகின்றன. இத்தண்டின் ஊசித் துளைகள் தேய்ந்து அகன்றால் சேடில் சாயத் தொடங்கும். பழைய ஜாக்கிகளைப் பிரிக்கும் ஃபிட்டர்கள் முதலில் ஆட்டிப் பார்ப்பது இந்த இடத்தைத்தான்.

எண்ணெய் செய்யும் வேலை

அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் தரப்படும் அழுத்தம் குறையாமல் எல்லாப் புறமும் பரவும் என்ற பாஸ்கலின் விதியே இக்கருவியின் அடிப்படையாகும். அவ்விதியை இங்கிலாந்தின் ஜோசப் பிராமா 1795இல் ஹைட்ராலிக் பிரஸ்ஸாகவும், அமெரிக்காவின் ரிச்சர்ட் டட்ஜியன் 1851இல் எடுத்துச் செல்லத்தக்க ஹைட்ராலிக் ஜாக்கியாகவும் காப்புரிமை பெறும் அளவுக்கு வளர்த்தெடுத்தனர்.

இரண்டு டன் சுமைக்கும் ஐந்து மடங்கு விசைக்கும் 50 மி.மீ. விட்டமுள்ள பிஸ்டனைக் கொண்டால், எண்ணெயின் அழுத்தம் ஏறக்குறைய 51 மெகாபாஸ்கல், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஐந்நூறு மடங்கு ஆகிறது. 12 மி.மீ. விட்டமுள்ள பம்புத் தண்டும் 30 மடங்கு நெம்புப் பயனுள்ள கைப்பிடியும் இருந்தால், உராய்வை நீக்கிப் பார்க்கையில், ஏறக்குறைய 20 கிலோ எடைக்குச் சமமான விசையால் தொழிலாளி அந்த அழுத்தத்தை உண்டாக்கிவிடலாம். அதற்கு ஈடாக, கைப்பிடியின் முனை 60 செ.மீ. இறங்கும் ஒவ்வோர் அடிக்கும் சேடில் ஆறு மி.மீ. கூட எழுவதில்லை, 350 மி.மீ. உயர்த்த ஏறக்குறைய அறுபது அடிகள் வேண்டும். சுமை ஏறும் வரையிலான வெற்று உயரத்தை விரைவாகக் கடப்பதற்காகவே சில ஜாக்கிகளில் இரட்டைப் பம்பு வைக்கப்படுகிறது. கொம்பைக் குறைத்து விசையை ஏழரை மடங்காக்கினால், அதே பிஸ்டனில் அழுத்தம் 76 மெகாபாஸ்கலைத் தாண்டுகிறது. சீலும் வால்வும் வெல்டிங்கும் அந்த ஒன்றரை மடங்கு பளுவை ஒவ்வொரு முறையும் தாங்கியாக வேண்டும்.

கையும் கண்ணும் முடிக்கும் பணி

இவ்வளவு அழுத்தத்தை அடக்கி வைப்பது எதுவென்று பட்டறையில் பார்த்தால், அது ஐந்தாறு மி.மீ. விட்டமுள்ள ஓர் எஃகுக் குண்டும், அது அமரும் மெல்லிய வட்ட விளிம்புமே எனத் தெரிகிறது. பம்பு அறைக்கு எண்ணெயை உள்ளிழுக்கும் வழியில் ஒன்றும், சிலிண்டருக்கு எண்ணெயைத் தள்ளும் வழியில் மற்றொன்றுமாக இரு குண்டு வால்வுகள் உள்ளன. துளையைத் துரப்பணம் செய்து, விளிம்பிலுள்ள பிசிறை நீக்கி, குண்டை அதன்மேல் வைத்து, மென்மையான உலோகக் கம்பியை நேராகப் பிடித்துச் சுத்தியலால் தொழிலாளி ஒரு தட்டுத் தட்டுகிறார். அந்தத் தட்டலில் விளிம்பின்மீது ஒரு மயிரிழை வளையம் பதிகிறது; அதுவே வால்வின் இருக்கை. தட்டு மெதுவானால் வளையம் முழுமை பெறாது, பலமானால் விளிம்பு அகன்று கசியும், சாய்ந்தால் ஒருபக்கம் மட்டுமே பதியும். தட்டப்பட்ட குண்டு நசுங்கியிருக்கக்கூடும் என்பதால் அதை ஒதுக்கிவிட்டுப் புதிய குண்டைப் பொருத்துவது தேர்ந்தவர்களின் வழக்கம்.

சிலிண்டரின் உட்புறத்தை மெருகேற்றும் ஹோனிங் வேலையும் இத்தகைய கவனத்தைக் கோருவதே. சாணைக்கற்கள் சுழன்றபடியே முன்னும் பின்னும் செல்வதால் உட்சுவரில் குறுக்குநெடுக்கான நுண்கோடுகள் விழுகின்றன. இவை எண்ணெய்ப் படலத்தைப் பிடித்து வைத்துச் சீலின் தேய்மானத்தைக் குறைக்கின்றன. ஆனால் நீளவாக்கில் ஒரேயொரு கீறல் விழுந்தாலும் எண்ணெய் நழுவிச் செல்ல அது வாய்க்காலாகிவிடும். ஆதலால் குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்ப்பதும், விரல் நுனியால் தடவிப் பார்ப்பதும் அளவுகருவிகளோடு சேர்ந்தே நடக்கின்றன. சீலை ஏற்றுகையில் அதன் உதடு அழுத்தம் வரும் திசையை நோக்க வேண்டும். அது கடந்து செல்லும் ஒவ்வொரு கூர்விளிம்பும் முன்னரே சரிவாக்கப்பட்டிருக்க வேண்டும். இவ்விரண்டில் ஒன்று தவறினாலும் புதிய சீல் முதல் நாளிலேயே பயனற்றுப்போகும்.

இறுதியில், எண்ணெய் நிரப்பி, சேடிலை இறக்குவதற்கான ரிலீஸ் வால்வைத் திறந்து கைப்பிடியைப் பலமுறை அடித்து, உள்ளே சிக்கிய காற்று வெளியேற்றப்படுகிறது; காற்று இருந்தால் அடி பஞ்சுபோல் மெத்தென்று போகும், ஏற்றமும் தடுமாறும். அதன்பின் சுமையேற்றி நிறுத்தி, சேடில் இறங்குகிறதா என அளக்கப்படுகிறது. மிகைச்சுமை வால்வின் சுருள்வில்லை அழுத்தமானியைப் பார்த்துத் திருகி, குறித்த அளவுக்குமேல் எண்ணெய் தொட்டிக்கே திரும்பும்படி அமைப்பது முடிவான பணியாகும்.

பழுதுக்கு வரும் ஜாக்கிகள் சொல்வது

பழுதுக்கு வரும் ஜாக்கிகளில் காணப்படும் கேடுகளில் பல, பயன்படுத்துவோரின் அறியாமையால் விளைந்தவை. ஜாக்கி எண்ணெய்க்குப் பதிலாகப் பிரேக் ஆயிலை ஊற்றுவதால் நைட்ரைல் ரப்பர் சீல்கள் ஊதிக் கெடுகின்றன. மிகைச்சுமை வால்வின் திருகை இறுக்கிவிட்டு, இரண்டு டன் ஜாக்கியால் மூன்று டன்னைத் தூக்க முயல்வோரும் உண்டு. கொம்பும் வெல்டிங்கும் பிளவுபட்ட ஜாக்கிகளில் இதன் தடயத்தைக் காணலாம். இவை எல்லாவற்றையும்விடக் கொடியது, ஜாக்கியின்மீது மட்டுமே வண்டியை நிறுத்திவிட்டு அதன் அடியில் படுத்து வேலை செய்யும் வழக்கம். எவ்வளவு நேர்த்தியாகச் செய்யப்பட்ட ஜாக்கியிலும், வண்டியின் எடைக்கும் அடியில் கிடப்பவரின் உயிருக்கும் நடுவே இருப்பது ஒரு ரப்பர் உதடும் ஒரு சிறு குண்டுமே.

ஆகவே, தாழ்வகை ட்ராலி ஜாக்கியை வாங்குவோர் சேடிலின் தாழ்வளவை மட்டும் பாராமல், கையின் தகட்டுத் தடிமனையும் சக்கரங்களின் உறுதியையும் மிகைச்சுமை வால்வு உண்டா என்பதையும் கேட்டறிய வேண்டும். வால்வு இருக்கையைத் தட்டியும் உட்சுவரைத் தடவியும் தேர்ந்த கைத்திறனுக்கு உரிய கூலியைத் தரும் மனம் பட்டறை உரிமையாளர்களுக்கு வேண்டும். அத்திறனை இளையோர் கற்பதற்கு அதுவே வழி. ஒவ்வொரு மெக்கானிக் கடையிலும் ஜாக்கி இருக்கும் இடத்தில் ஒரு ஜோடி இரும்பு ஸ்டாண்டும் இருந்தாக வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே. தூக்கிய வண்டியைத் தாங்க வேண்டியது ஸ்டாண்டு. எதிர்ப்புறச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஸ்டாண்டின்மேல் எடையை இறக்கிய பிறகே எவரும் வண்டிக்கு அடியில் செல்ல வேண்டும்.