நீமோவின் வீடு ஏன் நகர்கிறது? கொளத்தூர் முதல் குந்துகால் வரை!

ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்னை கொளத்தூர் பக்கம் போனால், எங்கு திரும்பினாலும் மீன் தொட்டிதான். வில்லிவாக்கம் ரயில் நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தால் சில நிமிடப் பயணம். ஆக்சிஜன் நிரப்பிய பாலிதீன் கவர்களில் கப்பி, மோலி, ஃபைட்டர், கோல்டு ஃபிஷ் எனக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். சென்னையின் வண்ண மீன் வியாபாரத்துக்கு இந்த ஏரியாதான் தலைநகரம்.

இங்கே பெரும்பாலும் நன்னீர் மீன்கள்தான். கடல் மீன் விற்கும் கடைகள் குறைவு. ஆனாலும், கண்டுபிடிப்பது சுலபம். நீல நிற எல்.இ.டி வெளிச்சமும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கும் குட்டீஸும் இருந்தால் அதுதான் கடை. 2003-ல் வெளிவந்த 'ஃபைண்டிங் நீமோ' படத்தின் தயவால், கோமாளி மீனுக்கு 'நீமோ' என்பதே பெயராகிவிட்டது. நீமோவை வாங்கினால் பிள்ளைகள் அடுத்துக் கேட்பது அதன் வீட்டை. பூ மாதிரி அசைந்தாடும் கடல் சாமந்தி, அதாவது அனிமோன்.

சிக்கல் ஆரம்பிப்பது இங்கேதான்.

பார்க்கத்தான் அது பூ. உண்மையில் பவளத்துக்கும் ஜெல்லி மீனுக்கும் உறவுக்கார விலங்கு. அடியில் வட்டமான ஒற்றைப் பாதம், மேலே வாய், அதைச் சுற்றிக் கொட்டும் செல்கள் நிறைந்த உணர்கொம்புகள். ராத்திரி இடது பக்கப் பாறையில் இருந்த அனிமோன், காலையில் பார்த்தால் வலது பக்கக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். பாதத்தைச் சுருக்கி விரித்து, நத்தையைவிட மெதுவாகச் சறுக்கிப் போகும். பொறுமை போய்விட்டால் பிடியை விட்டுவிட்டுத் தண்ணீரோடு மிதந்தும் போகும்.

சும்மா ஊர் சுற்ற அது கிளம்புவதில்லை. அதன் உடலுக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. அவை வெளிச்சத்தில் தயாரிக்கும் உணவில் பெரும்பங்கு அனிமோனுக்குப் போகிறது. வெளிச்சம் போதாவிட்டாலோ, நீரோட்டம் மந்தமாகவோ முரட்டுத்தனமாகவோ இருந்தாலோ, தண்ணீரின் உப்பு அளவு மாறினாலோ அது வேறு இடம் தேடும். பாதத்துக்குப் பிடிமானமும் முக்கியம். குமிழ் நுனி அனிமோன் பாறை இடுக்கில் காலை ஒளித்துக்கொள்ளும். கம்பள அனிமோன் மணலுக்குள் புதைத்துக்கொள்ளும். மணல் கேட்பதைப் பாறையில் வைத்தால் அது எப்படித் தங்கும்?

நடந்து போகும் வழியில் இருக்கும் மற்ற உயிர்களையெல்லாம் அது கொட்டிவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து, தொட்டியில் அலை உண்டாக்கும் வேவ் மேக்கர். அனிமோன் அதற்குள் இழுக்கப்பட்டால் துண்டு துண்டாகிவிடும். சிதைந்த உடல் தண்ணீரைக் கெடுத்து, ஒரே இரவில் மொத்தத் தொட்டியும் காலியாகலாம். மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்து வளர்த்த மீன்கள் விடிந்ததும் மிதப்பதைப் பார்ப்பது பெரியவர்களுக்கே கஷ்டம். பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?

அதனால் அனிமோனை விடும் முன்பே, மோட்டார் வாய்களுக்கு ஸ்பாஞ்ச் அல்லது வலை மூடி போட்டுவிட வேண்டும். புதுத் தொட்டியில் அனிமோன் கூடவே கூடாது. தொட்டி ஆறு மாதமாவது ஓடி, தண்ணீர் நிலைப்பட்டிருக்க வேண்டும். ஒரு வருடம் என்றால் இன்னும் நல்லது. வெப்பம் 25 முதல் 27 டிகிரி, உப்படர்த்தி 1.025 அளவில் நிலையாக இருக்க வேண்டும். சென்னை வெயிலில் இது சாதாரண விஷயமில்லை. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் மே மாதத்தைத் தாண்டுவது கஷ்டம். கரன்ட் பில்லையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்!

அப்படியும் நடக்கிறதா? முதல் சில நாள்கள் நடக்கட்டும், விட்டுவிடலாம். தனக்குப் பிடித்த இடத்தில் தானே உட்கார்ந்துவிடும். ஆபத்தான இடத்துக்குப் போனால் மட்டும், அதன் பாதத்தை நோக்கி நீரோட்டத்தை மெதுவாகத் திருப்பலாம். சின்ன கவரில் கட்டிய ஐஸ் கட்டியைப் பாதத்துக்குப் பின்னால் கண்ணாடியில் சற்று நேரம் வைத்தாலும் சில சமயம் பிடியை விடும். கையால் பிய்த்து எடுக்கவே கூடாது. பாதம் கிழிந்தால் பிழைப்பது அரிது. தொடும்போது கையுறை அவசியம். சிலருக்குத் தோல் தடித்து அரிக்கும்.

இன்னொரு விஷயத்தை வாங்கும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது. தொட்டியில் வளரும் நீமோவுக்கு அனிமோன் தேவையே இல்லை. கடலில் எதிரிகளிடமிருந்து தப்பிக்க அந்த வீடு வேண்டும். தொட்டியில் எதிரி யார்? மண்டபத்தில் உள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையத்தில், கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யவைத்திருக்கிறார்கள். அப்படிப் பிறக்கும் குஞ்சுகள் அனிமோன் இல்லாமலே ஜோராக வளர்கின்றன. மீனை இப்படிப் பண்ணையிலேயே வளர்த்துவிடலாம். கடைக்கு வரும் அனிமோன்களில் பலவும் கடலிலிருந்து எடுக்கப்பட்டவை. இயற்கையில் பல பத்தாண்டுகள் வாழக்கூடிய உயிர், அவசரமாக அமைத்த தொட்டியில் சில மாதங்களில் சுருங்கிப்போகிறது. உயிருள்ள பவளத்தைக் கடலிலிருந்து எடுப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

வீட்டோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் அடம் பிடித்தால், ராமேஸ்வரத்துக்கு டிக்கெட் போட்டுவிடலாம். அங்கிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகள் நீளும் மன்னார் வளைகுடாவில்தான் அனிமோனின் சொந்த வீடு இருக்கிறது. 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பகுதி இது. இந்தக் கடலில் இருக்கும் சீபே கோமாளி மீன், சினிமா நீமோ மாதிரி பளீர் ஆரஞ்சு கிடையாது. கருத்த உடம்பு, வெள்ளைப் பட்டை, மஞ்சள் வால். கம்பள அனிமோன்தான் அதன் வீடு.

பாம்பனை ஒட்டிய குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறை படகு விடுகிறது. காற்றும் அலையும் அடங்கிய நாள்களில்தான் படகு ஓடும் என்பதால், கிளம்பும் முன் விசாரித்துவிடுவது நல்லது. 1897-ல் விவேகானந்தர் இலங்கையிலிருந்து திரும்பி வந்து கால் வைத்த கரை இதே குந்துகால்தான். அங்கே நினைவு மண்டபமும் இருக்கிறது. படகுக்குக் காத்திருக்கும் நேரத்தில் அதையும் பார்த்துவிடலாம்.