இல்லை என்று சொன்னேன்

2013ஆம் ஆண்டு ஆடி மாதம், ஒரு மத்தியானம். கோயம்புத்தூரில் என் ஸ்டுடியோ படியேறி ஒரு மாணவி வந்தாள். காட்சித் தொடர்பியல் படிக்கிறாளாம். அவர்கள் கல்லூரியில் உடைந்த பெஞ்சுகளைப் போட்டுவைத்திருந்த அறை ஒருகாலத்தில் டார்க் ரூமாக இருந்தது என்று யாரோ சொல்ல, நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து அதைக் கழுவித் துடைத்திருக்கிறார்கள். உள்ளே என்லார்ஜர் ஒன்று லென்ஸோடு அப்படியே இருந்ததாம். சிவப்பு விளக்கும் எரிகிறதாம்.

“டெவலப்பர், ஹைப்போ, பேப்பர் மூணும் கெடைச்சாப் போதுங்க சார். எங்க வாங்கறதுன்னுதான் தெரியலை. ஒவ்வொரு ஸ்டுடியோவாக் கேட்டுட்டு வர்றோம். எல்லாரும் உங்களைத்தான் கேக்கச் சொன்னாங்க.”

“அதெல்லாம் நின்னு போயி வருசக்கணக்காச்சு அம்மிணி. எங்கயும் கெடைக்காது. டிஜிட்டல்லயே எடுங்க” என்றேன்.

அவள் நின்ற இடத்துக்கு நேர் மேலே, பரணில், பிரிக்காத இந்து புரோமைடு பேப்பர் 14 டப்பா இருந்தது. மெட்டால் அரைக் கிலோ புட்டி நான்கு. ஹைட்ரோகுயினோன், சல்ஃபைட், ஒரு சாக்கு ஹைப்போ. இவை எங்கே கிடைக்கும் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் இல்லை என்று சொன்னேன். அவள் நன்றி சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

இதைப் பதினோரு வருடம் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு இப்போது 62 வயது. இனியும் வைத்திருக்க முடியவில்லை.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது 1979இல். எடுபிடியாகத்தான் சேர்ந்தேன். முதலாளி எனக்கு முதலில் கற்றுத்தந்தது கேமரா அல்ல, தராசு. நகைக்கடையில் பொன் நிறுக்கும் சின்னத் தராசு ஒன்று வைத்திருந்தார். கடையில் வாங்கும் டெவலப்பர் பொட்டலம் கட்டுப்படியாகாது என்று டி-76ஐ அவரே கலப்பார். ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100, ஹைட்ரோகுயினோன் 5, வெங்காரம் 2. சூடு 50 டிகிரி. வரிசை மாறக் கூடாது. சல்ஃபைட் நிறையக் கரைந்த தண்ணீரில் மெட்டால் கரையாமல் அடம்பிடிக்கும். வெறும் தண்ணீரில் மெட்டாலை முதலில் போட்டால் காற்றுப் பட்டுக் கெட ஆரம்பிக்கும். அதனால் ஒரு சிட்டிகை சல்ஃபைட், பிறகு மெட்டால், அது கரைந்தபின் மீதி சல்ஃபைட். இதை அவர் ஒளித்துவைக்கவில்லை. சேர்ந்த மூன்றாம் மாதமே என்னைச் சென்னைக்கு ரயிலேற்றி அனுப்பினார். டெஸ்ட் ஸ்ட்ரிப் ஒன்றைத் திருப்பி, அதன் முதுகில் கெமிக்கல் கடைகளின் முகவரியைப் பென்சிலால் எழுதிக் கொடுத்தார். நைனியப்ப நாயக்கன் தெருவில் எந்தக் கடையில் எது நயம், எதை வாங்கக் கூடாது என்பதெல்லாம் அதில் இருந்தது.

1991இல் நான் தனியாக ஸ்டுடியோ போட்டபோது அவர் தெருவுக்கு அடுத்த தெருவில்தான் போட்டேன். அவருக்குப் போட்டியாக வந்தவன் நான். அந்த நாளில் அவர் எனக்குக் கொடுத்தது அந்தத் தராசை.

இப்படிப்பட்டவரிடம் கற்ற நான் ஏன் அப்படிச் சொன்னேன்? பயம் என்று சொன்னால் பாதி உண்மை. 2004இல் பிலிமும் பேப்பரும் செய்த இல்ஃபோர்டு நொடித்தது. 2005 மே மாதம் அக்ஃபாஃபோட்டோ திவாலானது. அடுத்த மாதமே கோடாக், கருப்பு வெள்ளை பேப்பர் செய்வதை நிறுத்தப்போவதாக அறிவித்தது. நமக்குப் பக்கத்தில் ஊட்டியில், 1960இல் தொடங்கி 1967இல் உற்பத்திக்கு வந்த ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஏற்கெனவே மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. ‘இந்து’ என்ற பெயர் போட்ட அதன் பேப்பரில்தான் நான் தொழிலே கற்றேன். எல்லாம் ஒரே சமயத்தில் முடியப்போகிறது என்று தோன்றியது. கல்யாண வேலையெல்லாம் கலர் லேபுக்குப் போய்விட்ட பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்காக நான் பிரிண்டு போட்டுக்கொண்டிருந்தேன். அது நின்றுவிடக் கூடாது என்று கண்ட இடத்திலெல்லாம் வாங்கிச் சேர்த்தேன்.

மீதிப் பாதி உண்மை இதைவிட அசிங்கமானது. ஊரில் கருப்பு வெள்ளை பிரிண்டு போடத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்ற பேர் எனக்குப் பிடித்திருந்தது. கேட்டு வருகிறவர்கள் வெறுங்கையோடு திரும்புவதைப் பார்க்க உள்ளுக்குள் ஒரு திருப்தி இருந்தது. அந்தப் பெண் “எல்லாரும் உங்களைத்தான் கேக்கச் சொன்னாங்க” என்றபோது எனக்கு இனித்தது. இனித்த அதே வாயால்தான் பொய் சொன்னேன்.

அதற்கு முன்னும் ஒரு காரியம் செய்திருந்தேன். எங்கள் ஊரிலேயே போட்டோ சாமான் விற்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். இந்து பேப்பர் தீர்ந்த பிறகு மும்பையிலிருந்து வெளிநாட்டு பேப்பர் தருவித்துக் கொடுப்பார். 2010 வாக்கில் அவரிடம் போய், “வேற யாராவது வந்து கேட்டா இல்லைன்னு சொல்லிடுங்க. வர்றதை எல்லாம் நானே எடுத்துக்கறேன்” என்றேன். அவருக்கு அதில் வருத்தம் இருந்திருக்கும், முகத்தில் தெரிந்தது. ஆனாலும் முப்பது வருட வாடிக்கை, தலையாட்டினார். நான் மட்டும் வருடத்துக்கு இரண்டு டப்பா எடுத்தேன்.

அந்த மாணவி வந்துபோன மறு வருடம் அவர் கடையைக் காலிசெய்தார். நான் போய்க் கேட்டேன். அவர் கோபப்படாமல் சொன்னார்: “மும்பைக்காரன் பத்து டப்பாவுக்குக் கொறைஞ்சு அனுப்ப மாட்டேங்கறானுங். உங்க ஒருத்தருக்காக நான் எப்படி வரவழைக்கறது? முன்னெல்லாம் நாலு பேர் வந்து கேப்பாங்க. இப்ப யாருமே கேட்டு வர்றதில்லையே.”

யாரும் கேட்டு வராமல் செய்தவன் அவர் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தேன். கேட்டு வந்த ஆறு பேரை என் படியிலிருந்தே திருப்பி அனுப்பியிருந்தேன். ஆளுக்கு இரண்டு டப்பா என்றாலும் 12 டப்பா. அந்த ஒரு கணக்கு போதும், அவர் கடை இன்னும் சில வருடமாவது ஓடியிருக்கும். சரக்கு தீர்ந்துபோவதால் ஒரு கடை மூடுவதில்லை. கேட்கிற ஆள் தீர்ந்துபோவதால்தான் மூடுகிறது. இது அன்று எனக்குப் புரிந்தது. புரிந்தும் அவரிடம் வாய் திறக்கவில்லை. அவர் இப்போது இல்லை. அந்த மன்னிப்பைக் கேட்க எனக்கு இனி வழியில்லை.

2022இல் கண் அறுவை முடிந்து வீட்டில் இருந்தபோது பரணைப் பிரித்தேன். தகர ஓட்டுக்குக் கீழே பதினேழு கோடை அந்தப் பேப்பர் வெந்திருக்கிறது. ஒரு தாளை எடுத்து, ஒளியே காட்டாமல் டெவலப்பரில் போட்டேன். வெள்ளையாகவே இருக்க வேண்டிய தாள் இரண்டு நிமிடத்தில் சாம்பல் நிறமானது. பொட்டாசியம் புரோமைடைக் கூட்டிப் பார்த்தேன், கொஞ்சம்தான் தெளிந்தது. 14 டப்பாவிலும் இதே கதை. மெட்டால் புட்டிகளில் இரண்டு காபிப்பொடி நிறத்துக்கு வந்திருந்தது. சாக்கிலிருந்த ஹைப்போ ஈரம் ஏறிப் பாறையாக இருந்தது. பேப்பரை வெளிச்சத்தில் திறந்தால்தான் கெடும் என்பதுபோல் நடந்துகொண்டேன். இருட்டில் மூடிவைத்தாலும் அது கெடும், நாள் கூடத்தான் எடுக்கும். இது தொழிலின் பாலபாடம். எனக்குத் தெரியாததல்ல.

2013இல் அந்தப் பேப்பரில் முக்கால்வாசி நன்றாகவே இருந்திருக்கும். ஆறு பிள்ளைகள் அதில் தங்கள் அம்மாவையும் வீட்டு வாசலையும் பிரிண்டு போட்டுப் பார்த்திருப்பார்கள். டிரேயில் கிடக்கும் வெற்றுத் தாளில் ஒரு முகம் மெல்ல எழுந்து வருவதை முதல்முறை பார்க்கிறவர்களின் கண்ணை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஆறு பேருக்கு அதை இல்லாமல் செய்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் சொன்ன காரணமே பொய்யாகிப்போனது. இல்ஃபோர்டை அதன் மேலாளர்களே 2005இல் வாங்கி, ஹார்மன் என்ற பெயரில் நடத்தினார்கள். இங்கிலாந்தில் மாப்பர்லி என்ற ஊரில் அந்தப் பேப்பர் இன்றும் தயாராகிறது. செக் நாட்டில் ஃபோமா நிறுவனமும் விடாமல் செய்துகொண்டிருக்கிறது. எல்லாம் நின்றுபோய்விட்டது என்று நான் சொன்ன அன்று எல்லாம் நின்றிருக்கவில்லை.

அந்தப் பெண்ணின் பெயர்கூட எனக்குத் தெரியாது, கேட்டுக்கொள்ளவில்லை. கல்லூரிக்குப் போய் விசாரித்தேன். அந்த அறை இப்போது கம்ப்யூட்டர் லேப். அதனால், அன்று அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இங்கே எழுதுகிறேன். யாருக்குத் தேவையோ எடுத்துக்கொள்ளுங்கள்.

அம்மிணி, டார்க் ரூமுக்கு வேண்டியதில் பாதிக்கு மேல் போட்டோ கடையிலேயே தேட வேண்டாம். பள்ளிக்கூடத்துக்கும் கல்லூரிக்கும் ஆய்வுக்கூடச் சாமான் கொடுக்கிற கடை எல்லாப் பெரிய ஊரிலும் உண்டு. மெட்டால், ஹைட்ரோகுயினோன், சோடியம் சல்ஃபைட், பொட்டாசியம் புரோமைடு நான்கையும் அங்கே கேள். கைவசம் இல்லாவிட்டால் சொல்லிவைத்தால் வரவழைப்பார்கள். எல்.ஆர். என்கிற சாதாரண ஆய்வுக்கூடத் தரம் போதும், ஏ.ஆர். என்கிற உயர்ந்த தரத்துக்கு வீணாகக் காசு கொடுக்காதே. அளவு ஜாடி, தெர்மாமீட்டர், பழுப்பு நிறப் புட்டி எல்லாம் அங்கேயே கிடைக்கும். சென்னைக்குப் போனால் நைனியப்ப நாயக்கன் தெரு.

கேட்கும்போது வாயால் கேட்காதே, தாளில் எழுதிக் கொடு. சல்ஃபைட், சல்ஃபேட், சல்ஃபைடு மூன்றும் காதுக்கு ஒன்றுபோல இருக்கும். சல்ஃபேட் வந்தால் டெவலப்பர் காற்றுப் பட்டுச் சீக்கிரம் கெட்டுவிடும். சல்ஃபைடு வந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், ஆளுக்கும் ஆகாது, பேப்பருக்கும் ஆகாது.

வெங்காரம் நாட்டு மருந்துக் கடையில் வாங்கு. கேரம் போர்டுக்குப் போடும் பவுடர் போரிக் அமிலம், அது வெங்காரம் அல்ல. பேப்பர் டெவலப்பருக்குச் சலவைச் சோடா வேண்டும். அது பளபளப்பான கட்டியாக இருந்தால் பாதிக்கு மேல் தண்ணீர்தான். நீரில்லாத தூளைப்போல இரண்டே முக்கால் பங்கு எடை போட வேண்டும். சமையல் சோடா ஆகாது.

ஹைப்போ என்றால் சோடியம் தயோசல்ஃபேட். மீன் தொட்டிக் கடையில் குளோரின் போக்க விற்கிறார்களே, அதே கல்தான். ஒரு லிட்டருக்கு 200 கிராம், கூடவே சோடியம் மெட்டாபைசல்ஃபைட் 12.5 கிராம். வெந்நீரில் கரை, ஏனென்றால் ஹைப்போ கரையும்போது தண்ணீர் ஜில்லென்று ஆகிவிடும். அவசரத்துக்கு, பல் டாக்டருக்கும் எக்ஸ்ரே நிலையத்துக்கும் சாமான் கொடுக்கிற கடையில் எக்ஸ்ரே ஃபிக்சர் வாங்கலாம், அது பிலிமுக்கும் பேப்பருக்கும் ஆகும். ஸ்டாப் பாத்துக்கு வீட்டு வினிகரை நீர்த்துக்கொண்டால் போதும்.

மெட்டாலே கிடைக்கவில்லையா, மனம் தளராதே. 1995இல் அமெரிக்காவில் ரோச்செஸ்டர் தொழில்நுட்பக் கல்லூரியில் ஓர் ஆசிரியரும் மாணவர்களும் காபியில் பிலிம் கழுவிக் காட்டினார்கள். அதிலிருந்து பின்னால் வந்த அளவு இது: லிட்டருக்கு நீரில்லாத சலவைச் சோடா 54 கிராம், வைட்டமின் சி 16 கிராம், சிக்கரி கலக்காத இன்ஸ்டன்ட் காபி 40 கிராம், 20 டிகிரியில் 15 நிமிடம். நாற்றம் வீட்டையே தூக்கும். ஆனால் படம் வரும்.

பேப்பரும் பிலிமும் மட்டும் நம்மால் கலக்க முடியாதவை. இல்ஃபோர்டும் ஃபோமாவும் தருவிக்கிற வியாபாரிகள் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள், இணையத்தில் விற்கிறார்கள். சுங்கவரி சேர்ந்து விலை கனமாகத்தான் இருக்கும். அதனால் தனியாக வாங்காதே. ஆறு பேரும் சேர்ந்து வாங்குங்கள், ஒரு வருடத்துக்குள் தீர்த்துவிடுங்கள், மறுபடி போய்க் கேளுங்கள். நீங்கள் கேட்பதால்தான் அவன் தருவிக்கிறான். யாராவது உன்னிடம் கேட்டு வந்தால் அந்தக் கடையின் பெயரை எழுதிக் கொடு.

கையுறை போட்டுக்கொள், மெட்டால் சிலருக்குத் தோலில் அரிப்பு கொண்டுவரும். கெமிக்கலுக்கு வைத்த டிரேயைச் சமையலறைக்குக் கொண்டுபோகாதே.

இவ்வளவுதான். சொல்லி முடிக்க பத்து நிமிடம் ஆகியிருக்கும். அன்று மத்தியானம் கடையில் வேறு ஆளே இல்லை.

பரணில் மிஞ்சியதில் இரண்டு புட்டி மெட்டால் இன்னும் வெள்ளையாக இருக்கிறது. முதலாளியின் தராசு 2 கிராமை இன்றும் சரியாகக் காட்டுகிறது. அந்த ஆறு பேரில் ஒருவர் வந்தாலும் சரி, வேறு யார் வந்தாலும் சரி, கேட்ட மாத்திரத்தில் எடுத்துக் கொடுப்பேன்.