முள் சொன்ன கணக்கு

அளவுகோலை நாம் எளிதில் ஐயுறுவதில்லை. படியைக் கையில் வைத்துக்கொண்டு அளக்கும்போது, குறைவு நெல்லில்தான் இருக்கிறது என்று எண்ணுகிறோமே அன்றி, படியில் இருக்கக்கூடும் என்று எண்ணுவதில்லை. இந்த நம்பிக்கையால் சில வேளைகளில் குற்றமற்ற ஒருவர்மீது பழி விழுந்துவிடுகிறது. ஒரு காரின் வேகமானியைத் திருத்த நேர்ந்தபோது இதை நான் கண்கூடாகக் கண்டேன்.

என் பெரியப்பாவிடம் மார்க் 4 வகை அம்பாசிடர் ஒன்று இருந்தது. அதன் நான்கு கியர்ப் பெட்டி பற்கள் தேய்ந்து பயனற்றுப் போகவே, 1997-இல் பட்டறையில் வேறு பெட்டி பொருத்தினார்கள். இசுஸு எஞ்சினோடு வெளிவந்த அம்பாசிடரின் ஐந்து கியர்ப் பெட்டி அது. ஐந்தாவது கியரில் எஞ்சின் இரைச்சல் அடங்கி, பயணம் இதமாயிற்று. ஆனால் பெட்ரோல் கணக்கு நோட்டில் மட்டும் ஒரு குறை தென்பட்டது. அதுவரை லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் கொடுத்த வண்டி, எட்டுதான் கொடுத்தது.

பெரியப்பா வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆயினும், பன்னிரண்டு ஆண்டுகள் அவரிடம் வண்டி ஓட்டியவரிடம் பெட்ரோல் ரசீதுகளை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கத் தொடங்கினார். அந்தக் கேள்வியின் பொருள் ஓட்டுநருக்கு விளங்காமல் இல்லை. ஒரு நாள் அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஐயா, முள் அறுபதுக்கு மேலே போகவில்லை. ஆனால் பஸ்களையெல்லாம் முந்திக்கொண்டுதான் போகிறோம். கோளாறு முள்ளில் இருக்கிறது ஐயா." பெரியப்பா அதை ஒரு சாக்காகவே எடுத்துக்கொண்டார்.

சோதித்துப் பார்ப்பது கடினமன்று. மணப்பாறைக்கு அப்பால் நேரான சாலையில், முள்ளை அறுபதில் நிறுத்தி வண்டியை ஓட்டச் சொன்னேன். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர். ஆகவே ஐந்து மைல்கற்களைக் கடக்க 300 வினாடிகள் ஆக வேண்டும். என் கைக்கடிகாரம் 240 வினாடிகளே காட்டியது. வண்டி உண்மையில் 75 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. பின்னிருக்கையில் அமர்ந்து கற்களைத் தாமும் எண்ணிவந்த பெரியப்பா மௌனமானார்.

கியர்கள் நான்கு ஐந்தானதால் முள் தவறுகிறது என்று பலரும் நினைப்பர். அது சரியன்று. பெட்டியின் வெளியேறும் தண்டு எத்தனை முறை சுழல்கிறது என்பதையே வேகமானி எண்ணுகிறது. அத்தண்டிலுள்ள திருகுப் பற்சக்கரம் ஒரு சிறிய பினியனைச் சுழற்றுகிறது. பினியன் கேபிளைச் சுழற்றுகிறது. கேபிளின் மறுமுனையில், மீட்டருக்குள், ஒரு காந்தம் சுழல்கிறது. அது தன்னருகே உள்ள அலுமினியக் கிண்ணத்தைத் தொடாமலே இழுக்க, மெல்லிய சுருள்வில் அதைத் தடுக்க, இரண்டும் சமன்படும் இடத்தில் முள் நிற்கிறது. ஜெர்மானியரான ஒட்டோ ஷுல்ட்ஸே 1902-இல் காப்புரிமை பெற்ற முறை இது. ஆகவே எந்தக் கியரில் ஓடினாலும் கணக்கு மாறாது. ஆனால் பெட்டி மாறும்போது திருகுச் சக்கரமும் பினியனும் சேர்ந்தே மாறிவிடுகின்றன. மீட்டர் மட்டும் பழையதாகவே இருக்கிறது.

கேபிளை மீட்டரிலிருந்து கழற்றிவிட்டு, வண்டியை ஐம்பது மீட்டர் தள்ளி, உட்கம்பி சுழலும் சுற்றுகளை எண்ணினோம். 32 சுற்றுகள், கிலோமீட்டருக்கு 640. ஜப்பானியத் தொழில்தரம் வகுத்த 637-க்கு இது மிக அருகில் இருந்தது. பழைய மீட்டரோ பிரிட்டிஷ் வழி வந்தது. அதற்கு 800 சுற்றுகள் வேண்டும். பெட்டியும் பழுதற்றது, மீட்டரும் பழுதற்றது. ஒன்று பேசிய மொழி மற்றதற்குப் புரியவில்லை, அவ்வளவே.

இந்தக் குறை முள்ளோடு நிற்கவில்லை. ஓடிய தூரத்தைக் காட்டும் எண்களும் அதே கேபிளால்தான் நகர்கின்றன. ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டி எண்ணூறு என்றது. நூறு லிட்டரில் ஆயிரம் ஓடியது, எண்ணூறு ஓடியதாகப் பதிவாயிற்று. திருட்டுப் போனதாகக் கருதப்பட்ட பெட்ரோல் அதுவே! உயிருக்கும் ஆபத்து இருந்தது. முள் எண்பதைக் காட்டுகையில் வண்டி நூறில் ஓடுகிறது. பிரேக் பிடித்தபின் வண்டி நிற்க எடுக்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், அது ஒன்றரை மடங்குக்கும் மேலாகிவிடுகிறது. வேகமானி உண்மை வேகத்துக்குக் குறைவாக ஒருபோதும் காட்டலாகாது என்று ஐக்கிய நாடுகளின் 39-ஆம் வாகன ஒழுங்குமுறை விதிப்பது இதனால்தான்.

எப்படித் திருத்துவது? மெக்கானிக் முதலில் சொன்ன வழி எளியது: "முள்ளைக் கழற்றிப் பதினைந்து தள்ளிக் குத்திவிடலாம்." அப்படிச் செய்தால் மணிக்கு 75 கிலோமீட்டர் வேகத்தில் மட்டும் முள் உண்மை சொல்லும். நிற்கும் வண்டி பதினைந்தில் ஓடுவதாகக் காட்டும். நூறில் போனால் தொண்ணூற்றைந்து என்னும். தூரத்தின் எண்களோ முன்போலவே பொய் சொல்லிக்கொண்டிருக்கும். முகத்தை மட்டும் திருத்துவதால் அகம் திருந்துவதில்லை.

சரியான வழி, கணக்கு தொடங்கும் இடத்துக்கே போவது. இருபது பல் பினியனுக்குப் பதிலாகப் பதினாறு பல் பினியன் போட்டால் கேபிள் கால் பங்கு கூடுதலாகச் சுழலும். ஆனால் பல் குறைந்தால் பினியனின் குறுக்களவும் குறையும். அது திருகுச் சக்கரத்தோடு சரியாகப் பொருந்தாது. ஆகவே லேத் பட்டறையில் ஒரு சிறு பெட்டி செய்வித்து, கேபிள் தொடங்குமிடத்தில் பொருத்தினோம். உள்ளே 25 பல் சக்கரம் ஒன்று, 20 பல் சக்கரம் ஒன்று. இவ்விரண்டு மட்டும் இருந்தால் கேபிள் எதிர்ப்புறம் சுழலும் என்பதால், இடையே மூன்றாவது சக்கரம் ஒன்று. அதன் பின்னர் ஐந்து மைல்கற்களைக் கடக்க ஐந்து நிமிடம் ஆயிற்று.

அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்றுபோயிற்று. இன்றைய கார்களில் கேபிள் இல்லை. உணர்கருவி அனுப்பும் மின் துடிப்புகளைக் கணினி எண்ணுகிறது. ஆயினும் வேறு அளவு டயரை மாட்டினால் அந்தக் கணக்கும் தவறிப்போகும். எண்ணும் கருவி புதிதானாலும், எதைக் கொண்டு எண்ணுகிறோம் என்று கேட்கும் கடமை பழையதே. வீட்டிலும் அலுவலகத்திலும் வகுப்பறையிலும் நாம் பிறரை அளந்துகொண்டே இருக்கிறோம். நேற்று ஒருவர் பத்து என்றிருந்து இன்று எட்டாகத் தெரிந்தால், அவர் குறைந்துவிட்டார் என்று தீர்ப்பெழுதுமுன், இடையில் என்ன மாறியது என்று கேட்டுப் பார்ப்பது நன்று.

பெரியப்பா மன்னிப்புக் கேட்கும் வழக்கமுடையவர் அல்லர். அந்த வாரம் அவர் கணக்கு நோட்டை எடுத்து, பெட்டி மாற்றிய நாள் முதல் எழுதப்பட்டிருந்த ஒவ்வொரு தூரத்தின் மேலும் கால் பங்கு கூட்டிச் சிவப்பு மையில் எழுதினார். நான்கு பக்கங்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையொப்பமிட்டார். பிறகு ஓட்டுநரை அழைத்து, நோட்டை அவர் கையில் கொடுத்து, "இனி இது உன்னிடமே இருக்கட்டும்" என்றார். ஓட்டுநர் அந்தப் பக்கங்களை நின்றபடியே ஒன்றுவிடாமல் படித்தார். பின் நோட்டை மூடிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, வண்டியைத் துடைக்கப் போனார்.