வந்து சேர்ந்த வழி

குழந்தை பிறந்த செய்தியறிந்து தொலைபேசியில் அழைத்தவர்கள் முதலில் ஆணா பெண்ணா என்று கேட்டார்கள். அடுத்த கேள்வி, “நார்மலா, சிசேரியனா?” சிசேரியன் என்றதும் மறுமுனையில் ஒரு கணம் மௌனம். பிறகு, “பரவாயில்லை, இப்பல்லாம் எல்லாருக்கும் அதுதானே” என்ற ஆறுதல். தேர்வில் தவறிய மாணவரைத் தேற்றுவது போலிருக்கும். நாங்களும் தவறிழைத்தவர்களின் குரலிலேயே பதில் சொல்லிவந்தோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

எங்களுள் ஒருவருக்குச் சமவெளியில் ஒரு கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் பணி. மற்றவர் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரை அடுத்த ஒரு பள்ளியில் ஆசிரியை. வார நாள்களில் இரண்டு வீடு, விடுமுறையில் ஒரு வீடு என்று பதினான்கு ஆண்டுகள் கழிந்து, நாற்பதைக் கடந்த பின் கரு தங்கியது. நஞ்சுக்கொடி கீழிறங்கிக் கருப்பையின் வாயை மூடியிருப்பதாக ஸ்கேன் பார்த்த மருத்துவர் சொன்னார். வலியே இல்லாமல் உதிரம் பெருகக்கூடும், அறுவை ஒன்றே வழி, கடைசி வாரங்களில் மலையில் தங்க வேண்டாம் என்றார். தலையாட்டிவிட்டு வந்தோம். அரையாண்டுத் தேர்வு முடியட்டும் என்று ஒரு வாரம் தள்ளிப்போட்டோம். அந்த வாரத்தில்தான் அது நிகழ்ந்தது.

சனிக்கிழமை இரவாதலால் இருவரும் மலையில் இருந்தோம். நள்ளிரவுக்குப் பின் விழித்தபோது பாய் நனைந்திருந்தது. விளக்கைப் போட்ட பிறகே அது இரத்தம் என்று தெரிந்தது. 108 வந்தது. மூடுபனியில் வளைவு வளைவாகப் போளூருக்கு இறங்கி, வேலூரில் ஒரு மருத்துவமனையை அடைவதற்குள் கிழக்கு வெளுத்துவிட்டது. ஒருவர் அறுவை மேசையில் கிடக்க, மற்றவர் நீட்டிய தாள்களிலெல்லாம் படிக்காமல் கையெழுத்திட்டார்.

கதவுக்கு வெளியே நின்ற அந்த நேரத்தில், பெரியபுராணத்தின் கோச்செங்கட்சோழர் கதை அழையாமல் வந்து நின்றது. ஒரு நாழிகை தாழ்ந்து பிறந்தால் பிள்ளை மூவுலகும் ஆளும் என்று கணியர் சொல்ல, தாய் கமலவதி தன் கால்களைக் கட்டித் தலைகீழாகத் தூக்கச் செய்தாள். சிவந்த கண்களோடு பிள்ளை பிறந்தது. அதன் முகம் கண்டு, பெயர் சொல்லி அழைத்த அளவில் அவள் இறந்தாள். இருபது ஆண்டுகளாக வகுப்பில் அதை மகனின் கதையாகவே நடத்தியிருக்கிறோம். இறந்தவளைப் பற்றி ஒரு வினாகூடத் தேர்வில் கேட்டதில்லை. நாங்களும் தள்ளிப்போட்டவர்களே. அவளுக்கு மூவுலகம், எங்களுக்கு அரையாண்டுத் தேர்வு.

நான்கு பை இரத்தம் ஏற்றிய பிறகு தாய் கண் விழித்தாள். மகள் இரண்டு கிலோ நூறு கிராம். ஒன்பது நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள்.

வேலூரில் காத்திருந்த அந்நாள்களில் ஐடா ஸ்கடரை நினையாதிருக்க இயலவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஆண்கள் அவர் வாசலுக்கு வந்து, பிள்ளைப்பேற்றில் தவிக்கும் தம் மனைவியரைக் காக்க வேண்டினர். அவர் அப்போது மருத்துவம் பயிலாதவர். மருத்துவரான தம் தந்தையை அனுப்புவதாகச் சொன்னார். அந்நிய ஆண் கூடாதென்று மூவரும் திரும்பினர். மூன்று பெண்களும் இறந்தனர். ஐடா அமெரிக்கா சென்று 1899இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கினார். 1918இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி கண்டார். அன்று அடைபட்டிருந்தது கதவு.

மலையில் இன்னும் அடைபட்டிருப்பது பாதை. 2023 மே மாதம், வேலூர் மாவட்டத்து அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை மருத்துவமனை சேருமுன் இறந்தது. திரும்பும்போது சாலையில்லாமல் ஆம்புலன்ஸ் பாதியில் நின்றுவிட, தாய் அந்த உடலைச் சுமந்து நடந்தாள். 2019–21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்துப் பிறப்புகளில் 44.9 விழுக்காடு அறுவையால் நிகழ்பவை. தேவையற்ற அறுவைகள் பெருகிவிட்டன என்ற குறை பொய்யன்று. ஆனால் அதே மாநிலத்தில், தேவையான அறுவையை எட்டுவதற்கு ஒரு வழி வேண்டி நிற்கும் குக்கிராமங்களும் உள்ளன. எங்கள் வீடு தார்ச்சாலையோரம் இருந்தது. எங்களுக்கும் கமலவதிக்கும் இடையில் இருந்த வேறுபாடு அவ்வளவே.

தை மாதத்தில் மலைக்குத் திரும்பினோம். முன்பு ஊருக்கெல்லாம் பிள்ளைப்பேறு பார்த்த பக்கத்து வீட்டு ஆயா, முறத்தில் சாமை அரிசியோடு வந்தார். குழந்தையை அவர் முதலில் பார்க்கவில்லை. தாயின் கையைப் பற்றிக்கொண்டு, “நீ வந்துட்டியா, டீச்சரம்மா?” என்றார்.

பழக்கத்தால், “வயித்தை அறுத்துத்தான் எடுத்தாங்க, ஆயா” என்றோம்.

“எந்த வழியா வந்தா என்ன? ரெண்டு பேரும் வந்து சேர்ந்தீங்கல்ல.”

சற்று நேரம் சாமையைக் கையால் அளைந்துகொண்டிருந்தார். பின்னர், யாரிடமோ சொல்வதுபோல, தம் மகளை மழைக்காலத்தில் டோலி கட்டித் தூக்கிப் போனதைச் சொன்னார். நான்கு பேர் மாற்றி மாற்றிச் சுமந்தார்களாம். கீழே தார்ச்சாலை தெரிந்த இடத்தில் டோலியை இறக்கி வைத்தார்களாம். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

இப்போது யாரேனும் கேட்டால், சிசேரியன் என்று தெளிவாகச் சொல்கிறோம். மறுமுனையின் மௌனம் எங்களைத் தொடுவதில்லை.

அன்று புறப்படுமுன் ஆயா எங்கள் பழைய சேலையொன்றை வாங்கி, உத்தரத்தில் தாமே தூளி கட்டினார். முடிச்சைத் தம் முழுப்பாரமும் கொடுத்து இருமுறை இழுத்துப் பார்த்தார். அதன் பிறகே மகளை எங்கள் கையிலிருந்து வாங்கி, அதில் கிடத்தினார்.