செய்யுளுக்கும் செய்யுளுக்கும் இடையே

எங்கள் சாச்சி பாடும் தாலாட்டு ஒன்று நான்கு தலைமுறையாகக் காயல்பட்டினத்தில் எங்கள் வீட்டில் வழங்கிவருகிறது. ஐந்து செய்யுள்கள், ஒவ்வொன்றும் நான்கடி. முத்துக்குளிப்புக்குச் சென்றவன் கரை திரும்பும்வரை தொட்டிலை ஆட்டியவள் கட்டிய பாட்டென்பது உம்மாவின் சொல். தூத்துக்குடிக் கரையில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். சலாபம் போயிற்று, பாட்டு மட்டும் எஞ்சியது.

சில ஆண்டுகளுக்குமுன் குடும்பத் திருமணம் ஒன்றுக்காக அப்பாட்டைச் சிறு நூலாக அச்சிட்டோம். தாளை மிச்சப்படுத்த விரும்பிய அச்சகத்தார், செய்யுள்களுக்கு இடையே நான் விட்டிருந்த வெற்றுவரிகளை நீக்கிவிட்டார்கள். இரண்டாவதன் ஈற்றடி மூன்றாவதன் தலையில் போய் ஒட்டிக்கொண்டது. படித்துக் காட்டியபோது சாச்சி, "மூச்சு விட எடமே இல்லையே, வாப்பா! இது எம் பாட்டு இல்ல" என்று சொல்லிப் புத்தகத்தை என்னிடமே தந்துவிட்டார்.

சென்ற ஆண்டு அவருடைய பேத்தி ஹாங்காங்கிலிருந்து எழுதியிருந்தாள். தனக்குக் குழந்தை பிறக்கவிருக்கிறது. இசைக்குறிப்போடு அந்தப் பாட்டு வேண்டும். சாச்சியின் குரலோ தளர்ந்துவருகிறது. இம்முறை தவறினால் மறுமுறை கேட்டு எழுதச் சாச்சிக்குக் குரல் இருக்குமா என்ற அச்சம் என்னைப் பிடித்துக்கொண்டது. 'லில்லிபாண்ட்' என்னும் கணினி நிரலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஹாலந்து நாட்டார் இருவர் 1996-இல் தொடங்கியது அது. சுரங்களையும் சொற்களையும் எழுத்தாகத் தட்டினால் ஐந்துகோட்டு இசைத்தாளாக வரைந்து தரும்.

சுரத்திற்கு ஓர் அசை என்பதே அதன் கணக்கு. ஓர் இடைவெளி விட்டால் அடுத்த சுரத்திற்குத் தாவிவிடும். சொல்லின் நடுவே அசை பிரியுமிடத்தில் இணைகோடு இடவேண்டும். ஓர் அசை பல சுரங்களுக்கு நீளுமானால் அடிக்கோடு. நம் எழுத்துக்கு இதில் ஒரு தனிச் சிக்கல். புள்ளி பெற்ற மெய்க்குத் தனிச் சுரம் கிடையாது. முன்னெழுத்தோடுதான் அது நிற்கவேண்டும். 'கண்ணே' என்பதைக் 'கண்', 'ணே' என்று பிரிக்கத் தெரிந்தவனுக்கே அசையிலக்கணம் படித்ததன் பயன் புரியும். ஓரிடத்தில் நான் அறியாமல் விட்ட ஓர் இடைவெளியால் ஒரு செய்யுள் முழுவதும் ஒரு சுரம் வலப்புறம் நகர்ந்து, தொட்டில் என்ற சொல் தூங்கவேண்டிய இடத்தில் விழித்துக்கொண்டது!

ஐந்து செய்யுளையும் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சுரவரியின் அடியில் அடுக்கினேன். பார்க்க அழகுதான். ஆனால் நான்காவதற்கு வரும்போதே கண் வரி தவறியது. வரிகளுக்கு இடையே வெளியைக் கூட்டினால் பக்கம் போதவில்லை. குறைத்தால் பழைய அச்சகத்தாரின் வேலையே என் கையாலும் நடந்தது.

அந்நாட்களில் எட்டயபுரம் நினைவு அடிக்கடி வந்தது. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அடங்கியதும், முத்துசுவாமி தீட்சிதர் மறைந்ததும் அவ்வூரிலேயே. அங்கேதான் சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904-இல் தெலுங்கெழுத்தில் அச்சேறியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள். சுரத்தின் அடியில் சாகித்தியம், கமகங்களுக்குத் தனிக்குறிகள். ஈய எழுத்தை ஒவ்வொன்றாகக் கோத்தவர்கள் ஒரு குறி நகர்ந்தால் எத்தனை வரியைக் கலைத்திருப்பார்கள்! ஓலை எழுதியவர்க்கோ இத்தொல்லையில்லை. ஏட்டில் செய்யுள்கள் இடைவெளியின்றித் தொடர்ந்தோடும். பாடத் தெரிந்தவன் எங்கே நிறுத்தவேண்டும் என்பதை அறிவான் என்ற நம்பிக்கை அது. ஹாங்காங்கில் இருக்கும் பெண்ணிடம் அந்த நம்பிக்கையை வைக்க எனக்குத் துணிவில்லை.

எனவே முதற் செய்யுளை மட்டும் சுரத்தின்கீழ் நிறுத்தினேன். இரண்டு, நான்கு, ஐந்து ஆகியவற்றை எண்ணிட்டு, இடையே தாராளமாக வெளிவிட்டு, பாட்டின் முடிவில் தனித்தனியே வைத்தேன். மூன்றாவது மட்டும் இணங்கவில்லை. முதற் செய்யுளில் ஓரசை இரண்டு சுரங்களுக்கு நீளும் இடத்தில், சாச்சி மூன்றாவதில் இரண்டு அசைகள் பாடுகிறார். பிழையோ என்று மூன்று முறை பாடச்சொல்லிக் கேட்டேன்; மூன்று முறையும் அப்படியே வந்தது. மேல்நாட்டு இசை அச்சில் இதற்கொரு வழியுண்டு. அந்த இரு சுரங்களையும் முழுக்கோட்டால் அல்லாமல் விட்டுவிட்டு வரைந்த வளைகோட்டால் இணைத்தால், ஒரு செய்யுளில் சேர்த்தும் இன்னொன்றில் பிரித்தும் பாடுக என்பது பொருள். ஆகவே மூன்றாவதையும் முதலாவதன்கீழ்ச் சுரத்தோடு சேர்த்துவிட்டேன்.

தாளை அனுப்பிய வாரத்தில் பேத்தி அதைப் பார்த்துத் தொலைபேசியில் பாடினாள். சாச்சி கருவியைக் காதோடு அழுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டாவது முடிந்ததும் அவள் நிறுத்தினாள்; மூச்சு வாங்கும் ஓசை இங்கே கேட்டது. மூன்றாவது முடியும்வரை சாச்சி வாய் திறக்கவில்லை. பின்னர், "நாலாவது அடியில இன்னுங் கொஞ்சம் இழு, கண்ணு, பிள்ளை இன்னும் ஒறங்கல" என்றார்.