வழியை மணியால் அளந்த கல்

ஜெர்மனி தேசத்தில், பெர்லினுக்கும் டிரெஸ்டனுக்கும் இடையே, கறுப்பு எல்ஸ்டர் ஆற்றங்கரையில் எல்ஸ்டர்வெர்டா என்றொரு சிறு பட்டணம் இருக்கின்றது. பெரிய நகரங்களை நாடிச் செல்வோர் அதைக் கவனியாமலே கடந்து விடுவார்கள். ஆயினும் அங்கே நிற்கும் பழைய தபால் மைல் தூணைச் சற்று நின்று பார்க்கத்தான் வேண்டும்.

இவ்வகைத் தூண்களை ஸாக்ஸனி எங்கும் நாட்டும்படி 1721-ஆம் ஆண்டில் கட்டளையிட்டவன் அகஸ்டஸ் மன்னன். 'பலசாலி' என்று பெயர் பெற்ற அவன் போலந்துக்கும் அரசன். ஆகவே ஊர்வாயில் தூண்களில் ஸாக்ஸனியின் குறுக்கு வாள்களும் போலந்தின் கழுகும் அருகருகே பொறிக்கப்பட்டன. மைஸென் பீங்கானின் அடியில் முத்திரையாகக் காணும் வாள்களும் இவையே! கீழே அரசன் பெயரின் முதலெழுத்துக்களும் தபால்காரனின் ஊதுகொம்பும் இருக்கும்.

அரசனுடைய ஆடம்பரம் ஒரு பங்கு என்றால், மறு பங்கு உண்மையான அவசியம். அந்நாளில் ஜெர்மானிய மைல் என்பது நாட்டுக்கு நாடு வேறுபட்டது. தபால் வண்டிக்கோ தூரத்தைக் கொண்டே கட்டணம். தூரமே நிச்சயமில்லையென்றால் பிரயாணி யாரை நம்பிப் பணம் கொடுப்பான்?

இக்குறையைத் தீர்க்க முன்வந்தவர் ஸ்காஸ்ஸா என்னும் கிராமத்துப் பாதிரியாராயிருந்த ஆதாம் பிரெடெரிக் ஸூர்னர். சக்கரம் சுழலும் தடவைகளைத் தானே எண்ணும் பொறி அமைந்த வண்டியிலேறி, அவர் சாலை சாலையாக அளந்தார். அளந்ததைக் கல்லில் பொறித்தபோது மைலை விட்டு, மணிக் கணக்கையே எழுதினார்கள். நம்மவர் 'நாழிகை வழி' என்றது போலத்தான். ஒரு மணி என்பது அரை மைல். இன்றைய கணக்கில் சுமார் 4.5 கிலோமீட்டர். மணியில் எட்டில் ஒரு பங்கு வரை துல்லியமாகக் குறித்தார்கள்.

செலவை மட்டும் அந்தந்த ஊரார் தலையில் சுமத்தினான் மன்னன். பெயர் அரசனுக்கு, பணம் ஊருக்கு! ஊர்கள் முணுமுணுத்தன, மனுச் செய்தன, காலம் கடத்தின. மன்னன் விடவில்லை. அவர்களுடைய வருத்தம் நியாயமானதே. ஆனால் வழிப்போக்கன், வண்டிக்காரன் சொன்னதே தூரம் என்ற நிலையிலிருந்து தப்பினான் என்பதையும் மறுக்க முடியாது.

1815-இல் எல்ஸ்டர்வெர்டா ஸாக்ஸனியின் கையை விட்டுப் பிரஷ்யாவுக்குப் போயிற்று. பிரஷ்ய மைலோ ஏறக்குறைய ஏழரைக் கிலோமீட்டர்! 1872-இல் ஜெர்மனி முழுவதும் மீட்டர் கணக்கு அமுலுக்கு வந்தது. மூன்று ஆண்டுகளில் பெர்லின்–டிரெஸ்டன் ரயில் பாதையும் இவ்வூர் வழியே திறக்கப்பட்டது. பயனற்றுப்போன தூண்கள் பல ஊர்களில் உடைக்கப்பட்டுச் சுவர்க் கற்களாயின. எல்ஸ்டர்வெர்டா இன்று பிராண்டன்பர்க் மாநிலத்தைச் சேர்ந்தது. அங்குள்ள தூண் மட்டும் ஸாக்ஸனியின் கணக்கிலேயே மணி சொல்லிக்கொண்டிருக்கின்றது.