எங்கிருந்து வந்தது

கேன்ஸர் என்ற சொல்லை இலக்கியச் சண்டைகளில் தாராளமாகப் பயன்படுத்துகிறோம். வணிக எழுத்து கேன்ஸர். பிறமொழிப் பாதிப்பு வைரஸ். இரண்டிலும் உள்ள நம்பிக்கை ஒன்றே: நாம் சுத்தம், கேடு வெளியிலிருந்து வந்தது. நோயை உருவகமாக்குவதை எதிர்த்து ஸூஸன் ஸான்டாக், தானே நோயாளியாக இருந்து மீண்டவர், 1978ல் புத்தகம் எழுதினார். அவருடைய ஆட்சேபம் அறம் சார்ந்தது. என் ஆட்சேபம் இன்னும் எளியது: விஷயமே அப்படி இல்லை.

1911ல் நியூயார்க் ராக்கஃபெல்லர் நிலையத்தில் பேட்டன் ரவுஸ் ஒரு கோழியின் கட்டியை அரைத்து, செல் எதுவும் புகமுடியாத வடிகட்டியில் வடித்து, அந்தச் சாற்றை வேறு கோழிகளுக்குச் செலுத்தினார். அவற்றுக்கும் கட்டி வந்தது. ஆக, வைரஸ். இதற்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1966ல், 87வது வயதில். பத்து வருஷம் கழித்து, 1976ல், பிஷப்பும் வார்மஸும் அவர்கள் சகாக்களும் காட்டியது: கட்டியை உண்டாக்கும் 'ஸார்க்' ஜீன் அடிப்படையில் வைரஸுடையதே அல்ல, கோழியினுடையது. ஆரோக்கியமான கோழியிலும் இருப்பது. என்றோ ஒரு வைரஸ் அதை எடுத்துப்போய், கட்டுக் கழன்ற நிலையில் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறது.

இதைவிட என்னைத் தொந்தரவு செய்வது 1981ல் ஹேவர்டும் நீலும் ஆஸ்ட்ரினும் கண்டது. பறவை லூக்கோஸிஸ் வைரஸிடம் கேன்ஸர் ஜீன் எதுவும் கிடையாது. அது செல்லின் டி.என்.ஏ.யில் எங்காவது போய் ஒட்டிக்கொள்ளும். 'மிக்' என்ற கோழி ஜீனுக்குப் பக்கத்தில் ஒட்ட நேர்ந்தால், வைரஸின் முனையிலுள்ள முடுக்கும் பகுதி அந்த ஜீனையும் முடுக்கிவிடுகிறது. ஜீனில் ஓர் எழுத்துகூட மாற வேண்டியதில்லை. எப்போது இயங்குவது, எப்போது ஓய்வது என்று செல் வைத்திருந்த நிதானம் மட்டும் போய்விடுகிறது.

என் சித்தி கருப்பை வாய்ப் புற்றில் இறந்தாள். வீட்டுப் பெண்கள் குரலைத் தாழ்த்திக் கேட்டது ஒன்றுதான்: இவளுக்கு இது எங்கிருந்து வந்தது? கேள்வியிலேயே தீர்ப்பும் இருந்தது. அந்தப் புற்றுக் கட்டிகளில் ஒரு பாப்பிலோமா வைரஸை ஹரால்ட் ஸுர் ஹவுஸனின் குழு 1983ல் கண்டது. மிகச் சாதாரணமான தொற்று. பெரும்பாலோரிடம் தானாகவே மறைந்துவிடும். சிலரிடம் வைரஸின் டி.என்.ஏ. உடைந்து செல்லின் க்ரோமோஸோமில் சிக்கிக்கொள்கிறது. பல சமயம் உடைவது, வைரஸ் தன்னைத்தானே அடக்கிக்கொள்ள வைத்திருக்கும் இ2 ஜீன். அதற்குப் பின் இ6, இ7 தடையின்றி இயங்கி, செல்லின் காவல் புரதங்களான பி53ஐயும் ஆர்.பி.யையும் முடக்குகின்றன. அப்படிச் சிக்கிய வைரஸால் தன் இனத்தைப் பெருக்கவும் முடியாது. இதில் யாருக்கும் வெற்றியில்லை. தண்டனை இல்லை, படையெடுப்பும் இல்லை. வைரஸின் அடக்கமும் செல்லின் அடக்கமும் ஒரே இடத்தில் அறுந்துபோயிருக்கின்றன.

இதிலிருந்து இலக்கியத்துக்குப் புதிதாக ஓர் உருவகம் செய்துவிடலாம்தான். வேண்டாம். எங்கிருந்து வந்தது என்று கேட்பதில் ஒரு சௌகரியம் இருக்கிறது: கேட்கிறவன் வெளியே நின்றுகொள்ளலாம். சித்தியின் கட்டிலைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் அப்படித்தான் நின்றார்கள்.